உள்ளே நிறம் இல்லாத நீள்வட்டம்

ஆவாரங்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் இறங்கி வலது பக்கம் நடந்தால் முதலில் உரக்கடை, அடுத்தது கருத்தப்பாண்டியின் டீக்கடை, அதற்கடுத்தது ஆவுடை டிஜிட்டல்ஸ். அந்த மூன்றாவது கடையில், காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தரும் ஒரு மின்விசிறிக்குக் கீழே, அய்யாத்துரை இருபத்தொரு வருஷமாக உட்கார்ந்து, அந்த ஊருக்கும் சுற்றியிருந்த ஒன்பது ஊர்களுக்கும் முகங்களை வெட்டி ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மொட்டை போட்ட பிள்ளைகளை இதயத்துக்குள்ளும், சடங்கான பெண்களைத் தாமரைக்குள்ளும், தாய்மாமன்களைச் சிங்கத்துக்குப் பக்கத்திலும், மறைந்தவர்களை நீள்வட்டத்துக்குள்ளும் வைப்பது அவர் வழக்கம். கல்யாண பேனர் என்றால் மேலே வலது மூலையில் மறைந்தவருக்கு ஒரு நீள்வட்டம் இருந்தாக வேண்டும். தங்கநிறக் கரை, அடியில் ஒரு தீபம், "தெய்வத்திரு" என்று ஒரு வரி. அது இல்லாத பேனரை ஊர், பந்தியில் உப்பு வைக்க மறந்த வீட்டைப் பார்ப்பது போலப் பார்க்கும்.

அப்படிப்பட்ட அய்யாத்துரை, தன் ஒரே மகள் சுபாஷினியின் கல்யாண பேனரில் மணமக்களையும் பிள்ளையாரையும் வாழைமரங்களையும் சொந்தக்காரர்கள் நாற்பத்திரண்டு பேரையும் ஒரே காலையில் அவரவர் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, அந்த வலது மூலைக்காக மட்டும் நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்த மூலை அவர் மனைவி ஆவுடையம்மாளுடையது. சுபாஷினிக்கு மூன்று வயது நடக்கும்போது ஆவுடை ஒரு காய்ச்சலில் படுத்து, ஒரு வாரத்தில் போய்விட்டாள்.

"வீட்டு ஹால்ல பெரிய படமா மாட்டியிருக்கே, அதை எடுத்துப் போட எம்புட்டு நேரம் ஆகும் மச்சான்?" என்று ஆவுடையின் தம்பி சொர்ணப்பாண்டி தினமும் வந்து கேட்டான். பேனரில் சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றவன் அவன்தான்.

"போடுவோம் மாப்ளே."

"போடுவோம் போடுவோம்னே முகூர்த்தம் வந்துரும். ஊருக்கெல்லாம் அரைமணியில அடிச்சுத் தாறீரு. எங்க அக்காவுக்குன்னா மட்டும் கை வரமாட்டேங்குதோ?"

கை வராததற்குக் காரணம் இருந்தது. அதை அய்யாத்துரை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஹாலில் மாட்டியிருந்த படத்தில் இருந்தது ஆவுடை இல்லை.

அவர் முன்பு சுவரில் எழுத்து எழுதுகிறவராக இருந்தார். ஆவுடை போன வருஷம், ஏணியையும் தூரிகைகளையும் பரணில் போட்டுவிட்டு, பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை என்று ஒரு பழைய கணினியை வாங்கி, போட்டோ எடிட்டிங் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். ஆவுடைக்கு இருந்தது ஒரே ஒரு படம், ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போன இடத்தில் ஸ்டூடியோவில் எடுத்தது. கோயிலில் நடந்த அவர்கள் கல்யாணத்தின் ஃபிலிம் சுருளை எவனோ வெயிலில் திறந்து பார்த்து, ஒரு படமும் தேறாமல் செய்திருந்தான். அந்த ஒரே படத்தை அவர் ஸ்கேனரில் வைத்தபோது மழைக்காலம். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்தபோது சேலையும் நாற்காலியும் கையோடு வந்தன, முகம் கண்ணாடியில் தங்கிவிட்டது. பரவாயில்லை, கணினிக்குள்தான் ஏறிவிட்டதே என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பழகுவதற்கு அவரிடம் வேறு முகம் இல்லை. தழும்பை எடுக்கும் கருவியை அவள் நெற்றியில் பழகினார். கருமையைப் போக்கும் கருவியை அவள் கண்ணுக்குக் கீழே பழகினார். நிறம் கூட்டுவதை அவள் கன்னத்திலும், வளைந்ததை நிமிர்த்துவதை அவள் பல்லிலும், நிரப்புவதை அவள் வகிட்டிலும் பழகினார். பிள்ளையைத் தொடையில் படுக்கப் போட்டுக்கொண்டு மாலை தோறும் அந்த முகத்துக்கு ஏதாவது செய்துகொண்டிருப்பது, அவளோடு பேசிக்கொண்டிருப்பது போலவே அவருக்கு இருந்தது. எழும்போதெல்லாம் மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. அவர் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்றார், பழைய படத்தின் மேலேயே சேமித்தார். எட்டு மாதம் கழித்து ஒருநாள் தள்ளி உட்கார்ந்து பார்த்தபோது, இதுவரை எங்கும் பார்த்திராத ஒரு அழகான பெண் மிகுந்த மரியாதையோடு அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினால் ஆவுடை வருவாள் என்று மூடினார். கண்ணுக்குள்ளும் அதே பெண்தான் வந்தாள்.

"இதுதான் அம்மாவாப்பா?" என்று கேட்டது பிள்ளை.

"ஆமா தாயி" என்று சொல்லிவிட்டார். பிறகு சட்டம் போட்டு மாட்டாமல் இருக்க முடியவில்லை. அன்றிலிருந்து சுபாஷினி பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அந்தப் படத்திடம் சொல்லிவிட்டுத்தான் எல்லாம் செய்தாள். ஆவுடையின் அக்கா வெள்ளத்தாய் மட்டும் ஒருமுறை படத்தை அண்ணாந்து பார்த்து, "கம்ப்யூட்டர்ல போட்டா எல்லாரும் செவத்துப் போயிருதாக" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

ஐந்தாம் நாள் காலையில் அய்யாத்துரை ஒரு முடிவுக்கு வந்தார். நீள்வட்டக் கருவியை எடுத்தார். ஃபில் என்ற இடத்தில், சிவப்புக் கோடு குறுக்கே ஓடும் கட்டத்தை, அதாவது உள்ளே ஒன்றும் வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்தார். கரைக்கான ஸ்ட்ரோக் என்ற இடத்தில் தங்கநிறம், எட்டுப் பாயின்ட் தடிமன். மேல்மூலையிலிருந்து மவுஸை மெதுவாக இழுத்தார். ஒரு முகம் அளவுக்கு வந்ததும் விரலை எடுத்தார். கரைக்குள் தெரிந்த மாம்பழநிறப் பின்னணியையும் பொறுமையாக வெட்டி எடுத்தார். இப்போது நீள்வட்டத்துக்குள் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. கணினி வெறுமையை அப்படித்தான் காட்டும். ஒன்றுமில்லை என்பதையும் ஏதாவது ஒன்றாக வரைந்து காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு. அச்சில் அந்த இடம் வெறும் வெள்ளையாக வரும் என்று அவருக்குத் தெரியும். வெள்ளை பொய் சொல்லாது, அது போதும் என்று நினைத்து, பிரிண்ட் போடும் ஊருக்குக் கோப்பை அனுப்பிவைத்தார்.

பேனர் சுருளாகப் பஸ்ஸில் வந்தது. சட்டத்தில் அடித்து, தெருமுனையில் சவுக்குக் கம்புகளை நட்டுத் தூக்கி நிறுத்தியபோது நீள்வட்டம் வெள்ளையாக இல்லை. அதற்குள் பின்னால் இருந்த வேப்பமரக் கிளையும், மேல்நிலைத் தொட்டியும், ஒரு துண்டு வானமும் தெரிந்தன. ஃப்ளெக்ஸ் எங்கும் கிழிந்திருக்கவில்லை; தங்கக் கரை பிசிறில்லாமல் ஓடியது; கரைக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஒரு மைனா அந்தப் பக்கமிருந்து பறந்து வந்து, நீள்வட்டத்துக்குள் நுழைந்து, இந்தப் பக்கம் டீக்கடைக் கூரையில் உட்கார்ந்தது.

"நல்ல யோசனைதான்" என்றார் கருத்தப்பாண்டி, கிளாஸைக் கழுவிக்கொண்டே. "காத்து போக வழி விடாமத்தான் போன ஆடியில கவுன்சிலர் பேனர் பறந்துபோய் எருமை மேல விழுந்துச்சு."

அதற்குமேல் ஊர் அதைப் பற்றி வியக்கவில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்த்தது. பேனருக்கு நேர் பின்னால் வெள்ளத்தாயின் வீடு. பேனர் அவள் முற்றத்து வெயிலை மறைத்தது. ஆனால் நீள்வட்டத்தின் வழியாக முட்டை வடிவத்தில் ஒரு வெயில் மட்டும் முற்றத்தில் விழுந்து, காலையில் ஆட்டு உரலில் தொடங்கி மதியம் துளசி மாடம் வரை நகர்ந்தது. அவள் முறத்தில் மிளகாய் வற்றலைப் பரப்பி, வெயில் நகர நகர முறத்தையும் நகர்த்தினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பந்தை இந்தப் பக்கமிருந்து எறிந்து அந்தப் பக்கம் ஓடிப் பிடித்தார்கள். இரண்டாம் நாள், தபால்காரர் கோட்டைச்சாமி எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பின்பக்கம் போட்டு ஏறி, இறந்துபோன தன் அப்பாவின் படத்தை நீள்வட்டத்துக்குள் கொஞ்சநேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன செய்யுதீரு?" என்று கேட்டார் அய்யாத்துரை.

"எங்க அப்பா கல்யாணம்னா விடமாட்டாரு. ஒரு அஞ்சு நிமிஷம் வாழ்த்திட்டுப் போகட்டுமே."

அதன் பிறகு அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. யார் யாரோ வந்தார்கள், அவரவர் வீட்டுப் படத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள், ஏறி ஐந்து நிமிஷம் பிடித்துவிட்டு இறங்கினார்கள். சுபாஷினியின் கல்யாணத்துக்கு முன்கூட்டியே வாழ்த்திவிட்டுப் போன பெரியவர்கள் அந்த வாரத்தில் அறுபது பேருக்குக் குறையாது. ஆவுடை மட்டும் வரவில்லை.

சொர்ணப்பாண்டியால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஊர்ல செத்தவன் எல்லாம் எட்டிப் பாக்கான், எங்க அக்கா இடம் ஓட்டையாக் கிடக்கு" என்று டீக்கடை முன்னால் நின்று கத்தினான். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஹாலில் இருந்த படத்தை செல்போனில் எடுத்து, பக்கத்து ஊர்க் கடையில் நீள்வட்ட ஸ்டிக்கராக அடித்து வாங்கிக்கொண்டு, அய்யாத்துரையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் பரணில் கிடந்த பழைய ஏணியை இறக்கிப் பேனரில் சாய்த்து ஏறினான். அளவு கச்சிதமாக இருந்தது. ஓரங்களை உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டிவிட்டு இறங்கினான். கடைசிப் படியில் இருக்கும்போதே ஸ்டிக்கர் கரையை விட்டுக் கழன்று, உள்பக்கமாகச் சரிந்து, நீள்வட்டத்தின் வழியாகப் பின்னால் விழுந்தது. மறுபடி ஒட்டினான். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தபோது, பெரியம்மா வீட்டில் முறுக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த சுபாஷினி அதை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

"ஏம்ப்பா அம்மா இதுல ஒட்ட மாட்டேங்குதாங்க?"

அய்யாத்துரை தன் மகளைப் பார்த்தார். இருபத்துநான்கு வயதுப் பெண். நான்கு நாளில் வேறொரு வீட்டுக்குப் போகிறவள். போகும்போது அந்தப் படத்தின் முன்னால் விழுந்து கும்பிடத்தான் போகிறாள். இப்போது சொல்லாவிட்டால் இனி அந்தப் பொய்யைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் இதுதான் உங்கள் ஆச்சி என்று காட்டுவாள்.

"அது உங்க அம்மா இல்லை தாயி."

தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னார். வேறு மாதிரி சொல்ல அவருக்கு வரவில்லை. ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டிய முகத்தையும், எட்டு மாதத்து மாலைகளையும், ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று சேமித்ததையும் சொன்னார். "எனக்கே அவ முகம் இப்போ ஞாபகத்துல இல்லை. அதான் வெறும் கோடு மட்டும் போட்டேன்."

சுபாஷினி கையில் இருந்த ஸ்டிக்கரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அதை மடிக்காமல், கசக்காமல், கருத்தப்பாண்டியின் பெஞ்சில் பத்திரமாக வைத்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு பேனருக்குப் பின்னால் போனாள். சற்று நேரத்தில் நீள்வட்டத்துக்குள் அவள் முகம் வந்து நின்றது.

"அப்பா, இங்க பாருங்க. எங்க தப்பு இருக்குன்னு சொல்லுங்க."

"என்னது?"

"முகம் ஞாபகம் இல்லை. சரி. என்னென்ன அழிச்சீங்கன்னு ஞாபகம் இருக்குல்லா?"

அய்யாத்துரைக்கு அப்போதுதான் அது உறைத்தது. கண் மறந்ததைக் கை மறந்திருக்கவில்லை. முதல் நாள் முதல் கிளிக்கிலிருந்து கடைசி நாள் வரை ஒவ்வொன்றும், எந்த இடம், என்ன அளவு என்பதோடு அவர் விரல்களில் இருந்தது.

"இடது புருவத்துக்கு மேல ரெண்டு அம்மைத் தழும்பு" என்றார். "ஒண்ணு மிளகு அளவு. ஒண்ணு கடுகு."

சுபாஷினி ஏணியில் நின்றபடியே, யாரோ நீட்டிய கண்மைப் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தாள். "அப்புறம்?"

"கண்ணுக்குக் கீழே கருப்பு. நீ ராத்திரி தூங்கவே மாட்டே, அதனால வந்தது."

"எம்மேலயே பழியா? சரி, அப்புறம்?"

"மேல்பல் ஒண்ணு இன்னொண்ணு மேல ஏறியிருக்கும்."

"அது எனக்கு இல்லையே" என்றாள் சுபாஷினி.

"பல்லுன்னா என்னைப் பாருவே!" என்று கூட்டத்திலிருந்து பூக்கட்டும் ராமலெச்சுமி குரல் கொடுத்து, சுபாஷினியை இறங்கச் சொல்லிவிட்டு ஏறி, நீள்வட்டத்துக்குள் முகத்தை நுழைத்து ஈயென்று காட்டினாள். "இப்படியா?"

"இவ்வளவு இல்லை. பாதி."

"பாதிப் பல்லுக்கு நான் எங்க போவேன்?" என்று அவள் உதட்டைப் பாதி மூடினாள். அய்யாத்துரை தலையாட்டினார். தெருவே சிரித்தது.

அன்று மாலை முழுக்க அப்படி நடந்தது. வெள்ளத்தாய் முழங்கால் வலியோடு மூன்று படி ஏறி, ஆவுடை சிரித்தால் வலது பக்க உதடு முதலில் சிரித்து இடது பக்கம் யோசித்துவிட்டுத்தான் சிரிக்கும் என்று சிரித்துக் காட்டினாள். வகிடு அகன்றிருந்தவள் வகிட்டைக் காட்டினாள். மூக்குத்தி சற்றுத் தாழ்ந்திருந்தவள் மூக்கைக் காட்டினாள். ஆவுடையின் மாநிறம் தன் நிறம்தான் என்று இரண்டு பேர் சண்டை போட்டு, கடைசியில் இரண்டு பேரும் மாறி மாறி ஏறினார்கள். அய்யாத்துரை எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அதிகம், குறைவு, இன்னும் கொஞ்சம் மேலே, அப்படித்தான், அப்படியேதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"வேற என்னப்பா பாக்கி?" என்று கேட்டாள் சுபாஷினி.

"காது" என்றார். "ஒரு காது மத்ததைவிட இறங்கியிருக்கும். அதைத்தான் கடைசியா நிமிர்த்தினேன்."

யாரும் ஏறவில்லை. எல்லோரும் சொர்ணப்பாண்டியைப் பார்த்தார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில், இருவருக்கும் இருந்த அந்தக் காதை வைத்துக் கேலி செய்தவர்களை அக்காவும் தம்பியும் சேர்ந்து ஓட ஓட விரட்டிய கதை அந்தத் தெருவுக்குத் தெரியும். அவன் துண்டை உதறித் தோளில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். பிறகு பின்னால் போய் ஏறி, மீசை வைத்த முகத்தை நீள்வட்டத்துக்குள் கொண்டுவந்து, ஒரு பக்கமாகத் திருப்பிக் காதைக் காட்டினான்.

"எதுக்கு மச்சான் இதையெல்லாம் சரி பண்ணீரு?" என்றான், தெருவைப் பார்க்காமல். "எங்க அக்கா நல்லாத்தானே இருந்தா."

"தெரியலை மாப்ளே. அவளுக்கு வேற என்ன செய்யன்னு எனக்குத் தெரியலை."

சொர்ணப்பாண்டி கொஞ்ச நேரம் காதைக் காட்டியபடியே நின்றான். அய்யாத்துரை கண்ணை மூடினார். மூடியதும், சுவரெழுத்து வேலை முடிந்து தாமதமாக வரும் அவருக்காக வாசலில் நின்று, கண்ணுக்குக் கீழே கருப்போடு, ஏறிய பல் தெரியாமல் உதட்டை இறுக்கி, சண்டைக்குத் தயாராக அவரைப் பார்த்தாள் ஆவுடை. பிறகு வலது பக்க உதட்டில் தொடங்கிச் சிரித்தாள்.

"வந்துட்டா" என்றார் அய்யாத்துரை.

கல்யாணத்தன்று மணமக்கள் நீள்வட்டத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டபோது அதற்குள் சமையல் பந்தலின் புகையும் வேப்பங்கிளையும்தான் தெரிந்தன. படம் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, ஆவாரங்குறிச்சிக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாக, தழும்பையும் பல்லையும் காதையும் சொன்னார்கள். கேட்டவர்கள் வெறும் நீள்வட்டத்தைப் பார்த்து, "லட்சணமான முகம்" என்று சொல்லிக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்துக்கு மகளும் மருமகனும் வருவதற்குள் அய்யாத்துரை பேனரை இறக்கியிருந்தார். நாற்பத்திரண்டு சொந்தக்காரர்களையும் வெள்ளத்தாய் விறகுக் கட்டுக்கு மேல் விரித்து மழைக்கு மூடிக்கொண்டாள். நீள்வட்டத்தை மட்டும் கரையோடு கத்தரித்து எடுத்து, ஹாலில், பழைய படம் மாட்டியிருந்த ஆணியில் அவர் மாட்டினார். அங்கே சுவர் திறந்து தெரு தெரிந்தது. பழைய படத்தைக் கழற்றி, முகம் உள்பக்கம் பார்க்க, அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் நிறுத்தி வைத்திருந்தார்.

விருந்து முடிந்து கிளம்பும்போது சுபாஷினி நேரே அலமாரிப் பக்கம் போய்ப் படத்தை எடுத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"அது எதுக்குத் தாயி?" என்றார் அய்யாத்துரை.

"இருபது வருஷமா நான் எல்லாத்தையும் இவங்ககிட்டத்தானே சொன்னேன்? பரீட்சைக்கு, காய்ச்சலுக்கு, எல்லாத்துக்கும் இவங்கதானே நின்னாங்க. இப்போ அம்மா கிடைச்சுட்டாங்கன்னு இவங்களை மூலையில சாத்தி வைக்க முடியுமா?" அவள் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அம்மா உங்ககூட இருக்கட்டும். இவங்க என்கூட வரட்டும்."

மருமகன் காரில் பைகளை ஏற்றுவதும், கதவு சாத்தப்படுவதும், வெள்ளத்தாய் யாருக்கோ முறுக்கு டப்பாவை நீட்டுவதும் நீள்வட்டத்தின் வழியாகத் தெரிந்தன. அய்யாத்துரை அதன் அருகே போய் நின்றார். காரில் ஏறப்போன சுபாஷினி திரும்பி வந்து, தெருப்பக்கமிருந்து நீள்வட்டத்துக்கு எதிரே நின்றாள். அந்தப் பக்கமிருந்து பார்த்தால், தங்கக் கரைக்குள் இப்போது இருந்தது அவர் முகம்தான் என்பது அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. மூன்று நாள் தாடி, மூக்குக்கண்ணாடி பதிந்த தடம், போன வருஷம் விழுந்த பல்லின் இடைவெளி, அழுது சிவந்த கண். பழக்கத்தில் கை உயர்ந்து தலைமுடியைப் படிய வைக்கப் போனது.

"அசையாதீங்க" என்றாள் சுபாஷினி. இடுப்பில் அந்த அழகான பெண்ணைப் பிள்ளையைப் போல இடுக்கிக்கொண்டு, அப்பாவின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை, ஒரு இடம் விடாமல், நிதானமாகப் பார்த்து முடித்தாள்.

"கையைக் கீழே போடுங்கப்பா. ஒண்ணையும் சரி பண்ண வேண்டாம்."